7,20,720-க்கு எத்தனை சுழி?

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. ஒரு எண்ணு சொல்லுதேன், எழுதிக்கோ. ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்தி இருபது. கமா கிமா போடாம எழுது: 720720. பாத்தா என்ன தெரியுது? பெரிய எண்ணு, கடைசியில ஒரு சைபரு. அவ்வளவுதானே? எனக்கும் அவ்வளவு போதும். ஆனா உலகத்துல சில பேரு இருக்கான். ஒரு எண்ணைக் கண்டா சும்மா விடமாட்டான். புரட்டிப் போட்டுப் பாப்பான், தலைகீழா நிறுத்திப் பாப்பான். இது இன்ன வகை, இன்ன ரகம், இன்ன வம்சம்னு சீட்டு எழுதி ஒட்டிருவான்.

அந்தக் காலத்துல தாவணிக்கு மாடு பிடிக்கப் போனா, தரகன் இப்படித்தான் நிப்பான். கோபுரச் சுழி இருக்கா, விலங்குச் சுழி இருக்கா, பூரான் ஏறுதா இறங்குதான்னு மாட்டோட முதுகைத் தடவிக்கிட்டே இருப்பான். துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலையும் முடிச்சிருவான். இது ஏர் இழுக்குமான்னு மட்டும் கேக்கமாட்டான். எண்ணுக்குச் சுழி பாக்குறவனும் அந்த ரகம்தான்.

இந்த 720720 மேல ஒட்டியிருக்கிற சீட்டை ஒண்ணொண்ணா வாசிக்கேன். சிரிக்காமக் கேளு.

முதல் சீட்டு, ‘ஈவில் நம்பர்’. பொல்லாத எண்ணாம்! என்னப்பா பாவம் செஞ்சுச்சு அது? கம்ப்யூட்டருக்குப் புரியற பாஷையில, வெறும் ஒண்ணும் சைபருமா இதை எழுதினா, அதுல 12 ஒண்ணு வருது. 12 இரட்டைப்படை. அதுதான் குத்தம். சரி, ஒத்தைப்படையா வந்திருந்தா தப்பிச்சிருக்குமா? எங்க? அப்போ அது ‘ஓடியஸ் நம்பர்’. அருவருப்பான எண்ணு! ஆக, இருக்கிற எண்ணுல பாதி பொல்லாதது, மீதிப் பாதி அருவருப்பானது. நல்ல எண்ணுன்னு பேருக்கு ஒண்ணைக்கூட விட்டு வைக்கல. இங்கிலீசுல ஈவன், ஆட்ங்கிற சத்தத்துக்கு எதுகை பாத்து விளையாட்டா வச்ச பேரு அது. விளையாட்டா வச்ச பட்டப்பேருதான் சுடுகாடு வரைக்கும் கூட வரும். நம்ம ஊருல பொறந்த உனக்கு இதைச் சொல்லணுமா?

ரெண்டாவது சீட்டு, சந்தோஷமான எண்ணா இல்லையாங்கிறது. எண்ணுக்கு ஏதுடா சந்தோஷம்னு கேக்கியா? அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கான். ஒவ்வொரு இலக்கத்தையும் அதே இலக்கத்தால பெருக்கிக் கூட்டணும். 7-க்கு 49, 2-க்கு 4, சைபருக்கு ஒண்ணுமில்ல. மறுபடி 49, 4, சைபர். மொத்தம் 106. இப்போ 106-ஐ அதே மாதிரி செய்யி. 37 வரும். 37 போயி 58. அப்புறம் 89. அப்புறம் 145, 42, 20, 4, 16. பதினாறுக்கு அடுத்து என்ன? மறுபடி 37. இனி காலத்துக்கும் இதே சுத்துதான். கடைசியில 1-க்கு வந்து நின்னாத்தான் சந்தோஷமான எண்ணாம். நம்ம ஆளு நிக்கமாட்டேங்கிறாரு. அதனால சந்தோஷம் இல்லாத எண்ணுன்னு எழுதிட்டான்.

மூணாவது சீட்டு நம்ம நாட்டுக்காரர் ஒட்டினது. மகாராஷ்டிரத்துல நாசிக் பக்கம் தேவ்லாலின்னு ஒரு ஊரு. அங்கன டி. ஆர். கப்ரேகர்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தாரு. 1905-ல பிறந்து 1986-ல போய்ச் சேந்தவரு. எண்ணோட விளையாடுறதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு, பிழைப்பு, பக்தி எல்லாம். ஒரு எண்ணோட இலக்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால எண்ணை வகுத்தா மீதி வராம இருந்தா, அதுக்கு ஹர்ஷத் எண்ணுன்னு பேரு வச்சாரு. மகிழ்ச்சி கொடுக்கிற எண்ணாம். 7, 2, 0, 7, 2, 0 கூட்டினா 18. 720720-ஐ 18-ஆல வகுத்தா 40040. மீதி இல்ல. பாஸ்!

இப்போ மூணு சீட்டையும் சேத்து வாசி. குணத்துல பொல்லாதது. தனக்கு சந்தோஷம் கிடையாது. ஆனா மத்தவனுக்கு மகிழ்ச்சி கொடுக்கும். இப்படி ஒரு ஆளு உலகத்துல உண்டா? யோசிச்சுப் பாத்தா நம்ம தெருவுலயே ரெண்டு பேரு இருக்காங்க. பேரு சொல்லமாட்டேன்.

நாலாவது சீட்டு ரொம்பப் பழசு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருசம் இருக்கும். கெராசான்னு ஒரு ஊரு, இப்போ ஜோர்டான் நாட்டுல இருக்கு. அந்த ஊரு நிக்கோமாக்கஸ்ங்கிற பெரிய மனுசன் எண்ணையெல்லாம் மூணு கூட்டமாப் பிரிச்சாரு. ஒரு எண்ணை மீதியில்லாம வகுக்கிற சின்ன எண்ணுகளையெல்லாம் கூட்டு. கூட்டினது எண்ணை விடக் குறைஞ்சா குறை எண். கூடினா மிகை எண். கச்சிதமா வந்தா நிறை எண். 6-ஐப் பாரு: 1, 2, 3 கூட்டினா 6. கச்சிதம். அடுத்தது 28. இதோட விட்டாரா? குறை எண்ணை ஒத்தைக் கண்ணன், ஒத்தைக் கையன்னு ஏசினாரு. மிகை எண்ணைப் பத்து வாயும் நூறு கையும் முளைச்ச விகார மிருகம்னு சொன்னாரு. பாவம், அந்த மனுசன் நம்ம பக்கம் வந்ததில்ல போல. நூறு கையோட ஒண்ணு கண்ணுல பட்டிருந்தா நாம கோபுரம் கட்டி, கொடை நடத்தி, வரி வசூல் பண்ணியிருப்போம்.

720720 எந்தக் கூட்டம்? கூட்டிப் பாத்தா 25,29,072 வருது. தன்னைப் போல மூன்றரை மடங்கு! நிக்கோமாக்கஸ் கையில இது கிடைச்சிருந்தா மனுசன் ராத்திரி தூங்கியிருக்கமாட்டாரு.

சரி, சுழி பாத்தது போதும். இனி ஏர்ல பூட்டுவோம்.

உங்கிட்ட 720720 ரூவா இருக்குன்னு வச்சுக்கோ. இல்லாததைத்தானே வச்சுக்கச் சொல்ல முடியும்? பங்காளி ரெண்டு பேருன்னா பிரிச்சிரலாம். மூணு பேரு? ஆளுக்கு 240240. ஏழு பேரு? 102960. ஒம்பது பேருக்கு 80080. பதினொண்ணு பேரு வந்து நின்னாலும் ஆளுக்கு 65520. பதிமூணு பேருன்னா 55440. பதினாறு பேருன்னா 45045. ஒண்ணுல இருந்து 16 வரைக்கும் எத்தனை பேரு வந்து திண்ணையில உக்காந்தாலும் ஒத்தை ரூவா மிச்சம் நிக்காது. அப்படிப்பட்ட எண்ணுல இதுதான் ஆகச் சின்னது. 17-வது ஆளு வந்தாத்தான் 5 ரூவா தொங்கும். அந்த 17-வது ஆளை எதுக்குக் கூப்பிட்ட?

இதுல ஒரு வேடிக்கை உண்டு. இதுக்கு முந்தின எண்ணு 720719. பிந்தின எண்ணு 720721. ரெண்டும் பக்கத்து வீடு. 2 முதல் 16 வரைக்கும் யாரு போயிக் கதவைத் தட்டினாலும் ரெண்டு வீட்டுலயும் திறக்கமாட்டான். ஏன்னு கேளு. நடு வீட்டுக்காரன் எல்லாருக்கும் சரியா வகுபடுதான். இவன் ஒண்ணு குறைவு, அவன் ஒண்ணு கூட. யாரு வகுத்தாலும் அந்த ஒண்ணு இடிக்கும். 720719-ஐ 31 வந்து தட்டினாத்தான் முதல் தடவை திறக்கும். வாரிக் கொடுக்கிறவனுக்கு ரெண்டு பக்கமும் கஞ்சன் வாய்க்கிறது எண்ணுக்குள்ளயும் இருக்கு பாத்துக்கோ.

இப்போ உன் ஆளுகளுக்கு வாரேன். உங்களுக்கெல்லாம் எந்த எண்ணு மேல ஆசை? பத்து லட்சம். ஒண்ணு போட்டு ஆறு சைபரு. பரிசுன்னாலும் பத்து லட்சம், கடன்னாலும் பத்து லட்சம், மாப்பிள்ளை வீட்டுக்காரன் வாயைத் திறந்தாலும் பத்து லட்சம். உருண்டையா, பாக்க லட்சணமா இருக்குல்ல? அதைக் கொண்டு போயி மூணு பேருக்குப் பிரி. ஒரு ரூவா மிச்சம். ஏழு பேருக்குப் பிரி. ஒரு ரூவா மிச்சம். ஒம்பது பேருக்கு? ஒண்ணு மிச்சம். பதினொண்ணுக்கும் ஒண்ணு. பதிமூணுக்கும் ஒண்ணு. கேலி இல்லடா, போட்டுப் பாரு. 999999-ங்கிறது 3, 7, 9, 11, 13 எல்லாத்துக்கும் வகுபடுற எண்ணு. அதுக்கு மேல ஒண்ணு வச்சா எல்லாருக்கும் அந்த ஒண்ணு நிக்கத்தானே செய்யும்? அந்த ஒத்தை ரூவாய்க்குத்தான் நம்ம ஊருல கோர்ட்டுப் படி ஏறுதான்.

பத்து லட்சத்தை மீதியில்லாம வகுக்கிற எண்ணு, அதாவது உங்க வாத்தியார் பாஷையில காரணி, எத்தனைன்னு நினைக்கே? 49. அதை விட ரெண்டே முக்கால் லட்சம் சின்னதான 720720-க்கு எத்தனை? 240!

எப்படி எண்ணினேன்னு கேக்கியா? உக்காந்து ஒவ்வொண்ணா வகுக்கிறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? எண்ணைப் பகா எண்ணா உடைச்சுப் போடணும். 720720-ஐ உடைச்சா நாலு 2, ரெண்டு 3, அப்புறம் 5, 7, 11, 13 ஒவ்வொண்ணு. காரணி செய்யணும்னா இந்தக் குவியல்ல இருந்து வேண்டியதை எடுத்துப் பெருக்கணும். 2-ஐ எடுக்காமலும் இருக்கலாம், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலும் எடுக்கலாம். அஞ்சு வழி. 3-க்கு மூணு வழி. மத்த நாலுக்கும் எடு, இல்ல விடு, ரெண்டு ரெண்டு வழி. அஞ்சு மூணு பதினஞ்சு. அதை நாலு தடவை இரட்டிச்சா 240. பத்து லட்சத்துல என்ன இருக்கு? ஆறு 2, ஆறு 5. ஏழேழு நாப்பத்தொம்பது. வேற யாரையும் உள்ளயே விடல. எல்லா மூட்டையையும் ரெண்டே பேரு தலையில ஏத்தினா அப்படித்தான் ஆகும்.

இந்த விசயம் நம்ம பாட்டன் பூட்டனுக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? 12 மரக்கா ஒரு கலம். 8 படி ஒரு மரக்கா. கலத்துக்கு 96 படி. ரெண்டு, மூணு, நாலு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, எந்தப் பங்குக்கும் நெல்லு அளக்கலாம், படியைச் சாய்க்க வேண்டாம். ரூவாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. ஆக ரூவாய்க்கு 192 தம்படி. மூணு பேரு ஒரு ரூவாயைப் பிரிச்சா ஆளுக்கு 64 தம்படி, கணக்கு முடிஞ்சுது. 1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்துச்சு. ரூவாய்க்கு 100. எழுதறதுக்கு லேசு, கூட்டுறதுக்கு லேசு. நான் இல்லேங்கல. ஆனா மூணு பேருக்கு? 33, 33, 34. அந்த 34 யாருக்குன்னு சர்க்கார் சொல்லலயே!

அந்தத் தேதிக்கு ஒம்பது வருசம் முந்தியே, 1948-ல, சீனிவாசன்னு ஒருத்தர் ‘கரண்ட் சயின்ஸ்’ பத்திரிகையில சின்னதா ஒரு குறிப்பு எழுதினாரு. காசு, எடை, அளவு எல்லாத்துலயும் 4, 12, 16, 20, 28-ன்னு எண்ணு வருதே, இது தொந்தரவு, எல்லாத்தையும் பத்தா மாத்தணும்ங்கிறாங்களே, அந்த எண்ணுகளுக்கு ஒரு குணம் இருக்கு பாத்தீங்களான்னு கேட்டாரு. என்ன குணம்? 12-ஐ எடு. அதோட காரணி 1, 2, 3, 4, 6. இதுகளை வச்சே 12-க்குள்ள எந்தத் தொகையையும் கொடுக்கலாம், எதையும் ரெண்டு தடவை தொட வேண்டாம். 11 வேணுமா? 6, 4, 1. 7 வேணுமா? 6, 1. கையில 1, 2, 5 மட்டும் இருந்தா 10-க்குள்ள எல்லாம் கொடுக்க முடியுமா? 4 கொடு பாப்போம், 9 கொடு பாப்போம். முடியாது. கொடுக்க முடியுற எண்ணுக்கு அவரு வச்ச பேரு ‘பிராக்டிகல் நம்பர்’. காரியத்துக்கு ஆகுற எண்ணு. இந்தா, பேருன்னா இது பேரு! 720720-ம் அதுல சேத்திதான். அதுக்குக் கீழ இருக்கிற எந்தத் தொகையைக் கேட்டாலும் தன்னோட காரணிகளை எடுத்துக் கூட்டியே கொடுத்துரும், ஒண்ணை ரெண்டு தடவை எடுக்காம.

பொழுது இருக்கும்போது இன்னொண்ணு சொல்லிருதேன். உன் சேத்தாளிககிட்டப் போயி வித்தை காட்டலாம். ஏதாவது மூணு இலக்க எண்ணை நினைக்கச் சொல்லு. அதையே பக்கத்துல மறுபடி எழுதச் சொல்லு. 358-ன்னா 358358. அதை 7-ஆல வகு, வந்ததை 11-ஆல வகு, வந்ததை 13-ஆல வகு. எங்கயும் மீதி வராது, கடைசியில நினைச்ச எண்ணே வந்து நிக்கும். மந்திரமா? 7, 11, 13 பெருக்கினா 1001. எந்த மூணு இலக்கத்தையும் 1001-ஆல பெருக்கினா அது ரெட்டையாத்தான் விழும். நம்ம எண்ணும் அப்படி விழுந்ததுதான்: 720-ம் 1001-ம். அந்த 720 யாரு? 1-ல இருந்து 6 வரைக்கும் பெருக்கினது. பகட்டு ஒண்ணுமில்ல, உள்ள இருக்கிறதெல்லாம் சின்னச் சின்ன ஆளுகதான்.

களை எடுக்க 16 பேரு வந்திருக்காங்க. 8 பேரை மேலக்காட்டுக்கு, 5 பேரை கீழக்காட்டுக்கு, 3 பேரை வாய்க்கா வெட்ட அனுப்பணும். யாரு யாரை எங்க அனுப்புறது? எத்தனை விதமா அனுப்பலாம் தெரியுமா? சரியா 720720 விதம். அதனாலதான் மேஸ்திரி எந்த விதமா அனுப்பினாலும் நாலு பேரு முகத்தைத் தூக்குதான். மிச்சம் 720719 விதம் இருக்குதே, என்னை ஏன் இங்க போட்டான்னு கேப்பான்ல?

இந்தப் பங்கு புத்தி நமக்கு மட்டும் சொந்தம்னு மார் தட்டவும் வேண்டாம். கிரேக்க நாட்டுல பிளாட்டோன்னு ஒரு ஞானி. கடைசிக் காலத்துல ‘சட்டங்கள்’னு ஒரு நூல் எழுதினாரு. புதுசா ஒரு ஊரை அமைச்சா எத்தனை குடும்பத்தைக் குடி வைக்கலாம்னு அதுல யோசிக்காரு. அஞ்சாயிரம்னு உருட்டிச் சொன்னாரா? இல்ல. 5040-ன்னாரு. ஏன்? நிலத்தைப் பிரிக்க, வரியைப் பிரிக்க, சண்டைக்கு ஆளைப் பிரிக்க, எதுக்கும் வகுபடணும். 5040-க்கு அதையும் சேத்து 60 காரணி. 1 முதல் 10 வரைக்கும் ஒழுங்கா வகுபடும், 12-க்கும் வகுபடும். 11-க்கு மட்டும் முரண்டு பிடிக்கும். அதுக்கும் வழி சொல்லிட்டாரு: ரெண்டு குடும்பத்தைத் தள்ளி வச்சா 5038, அது 11-க்கு வகுபட்டுரும். அந்த ரெண்டு குடும்பம் என்ன ஆச்சுன்னு கேக்கக் கூடாது. ஞானிகளுக்குக் கணக்கு சரியா வந்தாப் போதும்.

பேரு வைக்கிறவனையெல்லாம் நான் கிண்டல் பண்ணிக்கிட்டே இருக்கேன்னு நினைச்சிராத. பேரு வைக்கிறதுக்கு முந்தி சரியான கேள்வியைக் கேட்ட ஆளும் உண்டு. அவரு நம்ம பக்கத்து ஆளு. ஈரோட்டுல பிறந்து கும்பகோணத்துல வளந்த ராமானுஜன். எஃப்.ஏ. பரீட்சையில கணக்கைத் தவிர மத்ததுல கோட்டை விட்டவரு. சென்னைத் துறைமுகத்துல மாசம் 30 ரூவாய்க்குக் கணக்குப்பிள்ளை. உடனே அந்த 1729 டாக்சிக் கதையை எடுத்துக்கிட்டு வராத. அதைச் சொல்லாத மேடை இல்ல. நான் சொல்லுறது வேற.

அவரு கேட்ட கேள்வி ரொம்ப எளிசு. தனக்கு முந்தின எந்த எண்ணை விடவும் காரணி கூடுதலா இருக்கிற எண்ணு எது எது? அதாவது, இதுவரைக்கும் வந்தவனை விடப் பங்கு போடத் தோதானவன் யாரு? 2, 4, 6, 12, 24, 36, 48, 60-ன்னு போகும் அந்த வரிசை. 5040 அதுல உண்டு. 665280-க்கு 224 காரணி. அதை அடிச்சுக்கிட்டு அடுத்தாப்புல வாரதுதான் நம்ம 720720, 240 காரணியோட. இதுக்கு அவரு வச்ச பேரு ‘ஹைலி காம்போசிட்’. தமிழ்ல மிகுபகு எண்ணு. 1915-ல லண்டன் கணிதச் சங்கத்து ஏட்டுல பெரிய கட்டுரையா வந்துச்சு. அதுக்காகவே 1916-ல கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்துச்சு. இங்கன எஃப்.ஏ. தாண்ட முடியாதவருக்கு அங்கன பி.ஏ.! பரீட்சையை நம்பாதேன்னு நான் சொன்னா உங்கப்பன் என்னை ஏசுவான். அதனால சொல்லல.

அந்தக் கட்டுரையில ஒரு பட்டியல் இருக்கு. ஆறே முக்கால் லட்சம் கோடி வரைக்கும் போகுது. கம்ப்யூட்டரா, கால்குலேட்டரா? ஒண்ணும் கிடையாது. அத்தனையும் மனுசன் போட்ட கணக்கு. அதுல ஒண்ணே ஒண்ணு விட்டுப் போச்சு: 293318625600. உனக்கு மளிகைக் கடைச் சீட்டுல உப்பு விட்டுப் போகுது. அவருக்கு இருபத்தொம்பதாயிரம் கோடிக்குப் பக்கத்துல ஒண்ணு விட்டுப் போச்சு.

வரிசையில இருக்கிறதுலயும் பொறுக்கி எடுத்து அவரு மேல ஒரு படி வச்சாரு: ‘சுப்பீரியர் ஹைலி காம்போசிட்’. 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440. பத்தாவதா 720720. பின்னால 1944-ல அலாவோக்ளு, எர்டிஷ்னு ரெண்டு பேரு காரணிகளோட எண்ணிக்கையை விட்டுட்டு கூட்டுத்தொகையைப் பாத்து இன்னொரு பட்டம் கொடுத்தாங்க: ‘கொலோசலி அபண்டன்ட்’. பூதாகாரமான மிகை எண்ணுன்னு அர்த்தம். அதுலயும் 720720 இருக்கு. இந்தப் பட்டத்தோட சமாசாரம் ராமானுஜன் முன்னயே எழுதினதுதான். ஆனா அச்சாகல. சண்டைக் காலம், சங்கத்துக்குப் பணமுடை, கட்டுரை நீளம். பாதியை நிறுத்திட்டாங்க. அந்த மிச்சப் பாதி எப்போ அச்சாச்சுங்கே? 1997-ல! நிக்கோலா, ரோபான்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க பதிப்பிச்சாங்க. எண்பது வருசம் பெட்டிக்குள்ள கிடந்தும் கெட்டுப் போகல பாத்தியா?

அந்த ரோபான் சும்மா ஆளு இல்ல. 1984-லயே ஒரு வேலை பண்ணினவரு. 1859-ல ரீமன்னு ஒரு ஜெர்மன்காரர், பகா எண்ணுக எப்படிப் பரவிக் கிடக்குங்கிறதைப் பத்தி ஒரு யூகம் சொல்லிட்டுப் போயிட்டாரு. உண்மைன்னு நிரூபிச்சவனும் இல்ல, பொய்யுன்னு காட்டினவனும் இல்ல. பெரிய பெரிய தலையெல்லாம் மோதிப் பாத்தாச்சு. ரோபான் என்ன சொன்னாரு? ஒரு எண்ணோட காரணிகளை, அந்த எண்ணையும் சேத்துக் கூட்டு. அது எண்ணைப் போல எத்தனை மடங்கு வருதுன்னு பாரு. அந்த மடங்குக்கு ஒரு உச்சவரம்பு வச்சாரு; எண்ணு பெருசாகப் பெருசாக அந்த வரம்பும் மெல்ல உசரும். 5040-ஐத் தாண்டின எந்த எண்ணும் அந்த உச்சவரம்பை மீறலேன்னா ரீமன் சொன்னது சரி. ஒரே ஒண்ணு மீறினாலும் ரீமன் அவுட்டு. இதுதான் அவரு நிரூபிச்சது.

5040-ஐத் தெரியுதா? பிளாட்டோ குடி வச்ச ஊரு! அதோட மடங்கு 3.838. உச்சவரம்பு 3.817. மீறிருச்சு. ஆனா அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் மீறின எண்ணு ஒண்ணும் ஆப்பிடல. நம்ம 720720-க்கு மடங்கு 4.509, உச்சவரம்பு 4.634. கிட்டத்தட்ட உரசிக்கிட்டுப் போகுது, ஆனா மீறல. மீறுற எண்ணு எங்கயாவது இருந்தா, இந்தக் ‘கொலோசலி அபண்டன்ட்’ கூட்டத்துக்குள்ளயே ஒண்ணு மாட்டும்னும் சொல்லிட்டாரு. அதனால தேடுறவன் எல்லா எண்ணையும் புரட்ட வேண்டாம். வாரிக் கொடுக்கிறவன் வீடா பாத்துக் கதவைத் தட்டினாப் போதும்.

இப்போ கேளு கூத்தை. 2000-ல அமெரிக்காவுல கிளே கணித நிறுவனம்னு ஒரு அமைப்பு ஏழு பெரிய கணக்கை எடுத்து வச்சு, ஒவ்வொண்ணுக்கும் பரிசு அறிவிச்சுது. ரீமன் சொன்னதை நிரூபிக்கிறது அதுல ஒண்ணு. பரிசு எவ்வளவுங்கே? பத்து லட்சம் டாலர்! ஏலே, ராப்பகலா எண்ணோடயே குடித்தனம் நடத்துற கூட்டம், பரிசுக்குன்னு எந்த எண்ணைப் போயிப் பிடிச்சிருக்கு பாத்தியா? மூணு பேரு சேந்து நிரூபிச்சான்னு வை, ஆளுக்கு 333333 போக ஒரு டாலர் தொங்கும். ஏழு பேரு சேந்தாலும் ஒண்ணு தொங்கும். பதினொண்ணுக்கும் தொங்கும், பதிமூணுக்கும் தொங்கும். 720720 டாலர்னு அறிவிச்சிருந்தா 16 பேரு வரைக்கும் சத்தமில்லாமப் பிரிச்சுக்கலாம். கொஞ்சம் கம்மியா இருக்குன்னு தோணினா அதையே இரட்டிச்சு 1441440 போட்டிருக்கலாம். வரிசையில அடுத்த சுப்பீரியரும் அதுதான். இதைச் சொல்ல அங்கன ஒரு கிழவன் இல்ல.

நீயும் நாளைக்கு அந்தக் கணக்கைத் தீக்கப் போறேன்னு கிளம்பினா, தடுக்கமாட்டேன். தனியாப் போ. துணை வேணும்னா நாலு பேராப் போங்க, இல்ல அஞ்சு பேராப் போங்க. மூணு பேரா மட்டும் போயிராதீங்க.